எச்.ஐ.வி.: மருந்தின் புதிய இலக்குகள்

எச்.ஐ.வி. நச்சுயிரியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் இன்று முப்பதுக்கும் மேல் உள்ளன. அவற்றை முறையாக உட்கொள்வோர் ஏனையோருக்கு ஏறக்குறைய நிகரான ஆயுளை எதிர்பார்க்கலாம். அவர்களுடைய இரத்தத்தில் நச்சுயிரியின் அளவு கருவிகளால் கண்டறிய இயலாத நிலைக்கு இறங்கி, அந்நிலையிலேயே நின்றுவிடின், உடலுறவின் வழியாக அது பிறருக்குப் பரவுவதும் இல்லை. இவ்வளவும் கைகூடிய பின்னரும் ஆய்வுக்கூடங்கள் ஏன் புதிய மருந்துகளைத் தேடிக்கொண்டிருக்கின்றன? இவ்வினாவிலிருந்தே நாம் தொடங்குவோம்.

2024ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 8 இலட்சம் பேர் இந்நச்சுயிரியுடன் வாழ்ந்தனர் என்றும், அவர்களுள் 3 கோடியே 16 இலட்சம் பேர் சிகிச்சை பெற்றனர் என்றும் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் திட்டம் மதிப்பிட்டுள்ளது. அவ்வோர் ஆண்டில் மட்டும் எய்ட்ஸ் தொடர்பான காரணங்களால் மாண்டோர் சுமார் 6 இலட்சத்து 30 ஆயிரம் பேர். மருந்து கிடைக்காதோர், கிடைத்தும் நாள்தோறும் உட்கொள்ள இயலாதோர், உட்கொண்டும் அதற்கு அடங்காத நச்சுயிரியைப் பெற்றோர் என இம்மரணங்களுக்குப் பின்னால் பல நிலையினர் உள்ளனர். இவற்றோடு, மருந்தால் எட்ட முடியாத மறைவிடங்களில் நச்சுயிரி ஒளிந்துகொள்வது என்னும் சிக்கல் அனைவருக்கும் பொதுவானது. புதிய இலக்குகளுக்கான தேடல் இவற்றிலிருந்தே பிறக்கிறது.

மொழியைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூறவேண்டும். தமிழ் நாளேடுகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் எய்ட்ஸ் என்னும் சொல்லுக்கு முன் 'உயிர்க்கொல்லி நோய்' என்னும் அடைமொழியைச் சேர்த்து எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1980களில் அது பிழையன்று. இன்றோ, சிகிச்சை பெறும் ஒருவருக்கு அவ்வடைமொழி பொருந்துவதில்லை. சோதனைக்குச் செல்லத் தயங்குபவரை அது மேலும் பின்னுக்குத் தள்ளவே செய்கிறது. மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்கள் அவ்வடைமொழியை அடித்துவிடலாம் என்பது நம் கருத்து. நச்சுயிரி என்பது வேறு, அது முற்றிய நிலையில் தோன்றும் எய்ட்ஸ் என்பது வேறு என்னும் வேறுபாட்டையும் மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

'இலக்கு' என்னும் சொல்லை மருந்தியலார் ஒரு தனிப்பொருளில் ஆள்கின்றனர். மருந்து என்பது ஒரு சிறு மூலக்கூறு. அது உடலில் சென்று பொருந்துவதற்குப் பள்ளமோ பிளவோ உடைய ஒரு பெரிய மூலக்கூறு வேண்டும். பொருந்திய பின் அப்பெரிய மூலக்கூற்றின் வேலை தடைப்படவேண்டும். அவ்வேலையின்றி நச்சுயிரி பெருக இயலாததாகவும் இருக்கவேண்டும். இவ்வளவும் அமைந்த மூலக்கூறே இலக்கு எனப்படும். பெரும்பாலும் அது ஒரு புரதமாகவே அமைகிறது. எச்.ஐ.வி.யிடம் உள்ள மரபணுக்கள் ஒன்பதே. அவை ஆக்கும் புரதங்களோ பதினைந்து. ஆதலின், பெருக்கத்திற்கு வேண்டிய மற்றப் பணிகளையெல்லாம் நம் உயிரணுவின் புரதங்களைக் கொண்டே அது முடித்துக்கொள்கிறது. இலக்கு தேடுவோர்க்கு இதில் வசதியும் உண்டு, இடரும் உண்டு. நச்சுயிரியின் புரதத்தைத் தாக்கினால் நமக்குத் தீங்கு குறைவு. ஆனால் அது உருமாறித் தப்பிவிடும். நம் புரதத்தைத் தாக்கினால் அது எளிதில் உருமாறாது. ஆனால் நமக்கே தீங்கு நேரலாம்.

மூன்று நொதிகளின் காலம்

பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லுக் மோந்தாஞியே முதலியோர் இந்நச்சுயிரியை 1983ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். அதன் மரபுச்செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் உள்ளது. நம் உயிரணுவுக்குள் நுழைந்ததும் அச்செய்தியை அது டி.என்.ஏ.வாக மாற்றி எழுதுகிறது. இதனைச் செய்யும் நொதி எதிர்ப்படியெடுப்பு நொதி எனப்படும். அவ்வாறு எழுதிய டி.என்.ஏ.வை நம் குரோமோசோமுக்குள் செருகுவது ஒருங்கிணைப்பு நொதி. பின்னர் நம் உயிரணு அந்நச்சுயிரிக்குரிய நீண்ட புரதச் சரங்களை ஆக்கித் தருகிறது. அச்சரங்களை உரிய இடங்களில் வெட்டிப் புதிய நச்சுயிரியை முதிரச் செய்வது புரதவெட்டு நொதி. இருபது ஆண்டுக்காலம் எச்.ஐ.வி. மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் இம்மூன்று நொதிகளின் வரலாறாகவே இருந்தது.

முதல் மருந்தாகிய ஸிடோவுடின் எச்.ஐ.வி.க்காக ஆக்கப்பட்டதன்று. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலர் ஜெரோம் ஹார்விட்ஸ் அதனைப் புற்றுநோய்க்காக ஆக்கினார். அது பயன்தராமையால் கிடப்பில் போடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் எடுத்து ஆராயப்பட்டு, 1987ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டி.என்.ஏ. என்பது நால்வகை மணிகளால் கோத்த மாலை எனக் கொண்டால், ஸிடோவுடின் அம்மணிகளுள் ஒன்றைப் போலவே தோற்றமளிப்பது; ஆனால் ஒரு பக்கம் மட்டுமே துளையுடையது. எதிர்ப்படியெடுப்பு நொதி ஏமாந்து அதனைக் கோத்துவிட்டால், அடுத்த மணியைச் சேர்க்க வழியில்லை. மாலை அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

எனினும் அம்மருந்து தனித்து நின்றபோது அதன் பயன் நீடிக்கவில்லை. இதற்கான காரணத்தை வகுப்பறையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். எச்.ஐ.வி.யின் மரபுச்செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துகளால் ஆனது. எதிர்ப்படியெடுப்பு நொதி தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்துவதில்லை; சுமார் 30,000 எழுத்துகளுக்கு ஒரு பிழை விடுகிறது. அதாவது மூன்று படிகளுக்கு ஒரு பிழை. சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் ஒரே நாளில் 1,000 கோடி அளவில் புதிய நச்சுயிரிகள் தோன்றுகின்றன. ஓர் எழுத்து மட்டும் மாறக்கூடிய வழிகள் 9,700-ஐ மூன்றால் பெருக்க வரும் 29,100 மட்டுமே. ஆகவே, ஒற்றை எழுத்து மாற்றம் எதுவாயினும் அது நாள்தோறும் பன்முறை நிகழ்ந்துவிடுகிறது. அவற்றுள் ஒன்று மருந்துக்கு அடங்காததாக இருப்பின், மருந்தே அதற்கு வயலைக் களையெடுத்துக் கொடுத்ததாக முடியும்.

மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுத்தால் நிலைமை மாறுகிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் வெல்ல மூன்று குறிப்பிட்ட மாற்றங்கள் ஒரே படியில் நிகழவேண்டும். 30,000 பேரில் ஒருவருக்கு விழும் பரிசு ஒருவருக்கே மும்முறை விழுவது போன்றது அது. தோராயமாக 27 இலட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு. 1996ஆம் ஆண்டில் வான்கூவர் மாநாட்டில் இக்கூட்டு மருந்து முறையின் பயன் உலகறிய எடுத்துரைக்கப்பட்டது. மருத்துவமனைப் படுக்கைகளிலிருந்து மக்கள் எழுந்து வேலைக்குத் திரும்பியது அக்காலத்தில்தான். ஒருங்கிணைப்பு நொதிக்கான முதல் மருந்தாகிய ரால்டெக்ராவிர் 2007ஆம் ஆண்டில் வந்தது. அவ்வகையைச் சேர்ந்த டோலுடெக்ராவிரை 2019ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் முதல்நிலைச் சிகிச்சைக்கு உகந்ததாகப் பரிந்துரைத்தது.

ஆயினும் மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்ளும் வரையில்தான் மேற்கண்ட கணக்கு செல்லும். வேளை தவறும்போது மூன்று மருந்துகளும் உடலிலிருந்து ஒரே வேகத்தில் நீங்குவதில்லை. சில நாள்களுக்கு ஒரு மருந்து மட்டும் எஞ்சி நிற்கும். அப்போது நச்சுயிரிக்கு 1987ஆம் ஆண்டு திரும்பி வந்தது போலாகும்.

வாயிற்கதவு

நச்சுயிரி உயிரணுவுக்குள் நுழையுமுன்னரே தடுத்தால் என்ன என்னும் எண்ணம் இயல்பானது. எச்.ஐ.வி. முதலில் வெள்ளணுவின் மேலுள்ள சி.டி.4 என்னும் புரதத்தைப் பற்றுகிறது. பின்னர் சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் இரண்டாம் புரதத்தைப் பற்றுகிறது. அதன் பின்னரே அதன் உறை நம் உயிரணுவின் சவ்வோடு கலக்கிறது. 2003ஆம் ஆண்டில் வந்த என்ஃபுவிர்டைடு இக்கலத்தலைத் தடுத்தது. நாளுக்கு இருமுறை ஊசி போடவேண்டியிருந்தமையால் அது பரவலாகவில்லை.

சி.சி.ஆர்.5-இன் கதை வேறுவகையில் சுவையானது. வட ஐரோப்பிய வழிவந்தோருள் சுமார் நூற்றுக்கு ஒருவர், இப்புரதத்திற்குரிய மரபணுவின் இரு படிகளிலும் 32 எழுத்துகள் குறைந்து பிறக்கின்றனர். அவர்களுடைய வெள்ளணுக்களின் மேல் சி.சி.ஆர்.5 தோன்றுவதில்லை, எச்.ஐ.வி.யின் பெரும்பாலான வகைகள் அவர்களைத் தொற்றுவதும் இல்லை. அப்புரதமின்றியே அவர்கள் பொதுவாக நலமாக வாழ்கின்றனர் என்பதால், நம் உடற்புரதம் ஒன்றைத் தாக்குவதில் அஞ்சத்தக்க தீங்கில்லை என்பதற்கு இயற்கையே சான்றளித்துவிட்டது. 2007ஆம் ஆண்டில் மராவிரோக் என்னும் மருந்து இவ்வடிப்படையில் வந்தது. அதே ஆண்டில் பெர்லினில் வாழ்ந்த அமெரிக்கரான டிமோத்தி ரே பிரவுன், இரத்தப் புற்றுநோய்க்காக, சி.சி.ஆர்.5 அற்ற ஒருவருடைய குருத்தணுக்களைப் பெற்றார். எச்.ஐ.வி. அவர் உடலிலிருந்து நீங்கியது. 2020ஆம் ஆண்டில் புற்றுநோய் மீண்டு அவர் மறையும் வரை அது திரும்பவே இல்லை. அச்சிகிச்சை எல்லார்க்கும் உரியதன்று; உயிருக்கே ஆபத்தானது. புற்றுநோய் இல்லாதவருக்கு எந்த மருத்துவரும் அதனைச் செய்யத் துணியார்.

மராவிரோக்கின் குறையும் கதவிலேயே உள்ளது. சிலருடைய உடலில் உள்ள நச்சுயிரி சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் மாற்றுக் கதவைப் பயன்படுத்துகிறது. எனவே முன்கூட்டியே சோதித்தறியாமல் இம்மருந்தைக் கொடுக்க இயலாது. சி.டி.4 புரதத்தைப் பற்றி நிற்கும் இபாலிசுமாப் 2018ஆம் ஆண்டிலும், நச்சுயிரியின் உறைப்புரதத்தைப் பற்றும் ஃபாஸ்டெம்சாவிர் 2020ஆம் ஆண்டிலும் ஒப்புதல் பெற்றன. ஏனைய மருந்துகள் பலவும் பயன்தராமற் போனவர்களுக்கே இவை இன்று வழங்கப்படுகின்றன.

கூம்பு

நம் பார்வையில் அண்மைக்காலத்தின் மிகச் சிறந்த இலக்கு நச்சுயிரியின் உட்கூடுதான். வெளியுறைக்குள், ஆர்.என்.ஏ.வையும் நொதிகளையும் பொதிந்து வைத்திருக்கும் புரதக் கூடு அது. அதன் வடிவத்தை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் எவருக்கும் எளிதில் விளக்கலாம்: அக்காலத்தில் திரையரங்க வாயில்களில் நம்மவர் விற்ற கச்சாங் பூத்தே பொட்டலம் போன்ற கூம்பு. ஆனால் அகன்ற பக்கமும் மூடியது. அக்கூம்பு ஏறத்தாழ 1,500 ஒரேவகைப் புரதங்களால் ஆனது. அவை ஆறு ஆறாகக் கூடிச் சுமார் 250 அறுகோண வளையங்களாகவும், ஐந்து ஐந்தாகக் கூடி 12 ஐங்கோண வளையங்களாகவும் அமைகின்றன. பன்னிரண்டு என்பது தற்செயலன்று. அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தளம் விரியுமேயன்றி மூடாது. மூடிய கூடு ஆவதற்குச் சரியாகப் பன்னிரண்டு ஐங்கோணங்கள் வேண்டும் என்பது வடிவியல் விதி. கால்பந்தின் கறுப்புத் துண்டுகளை மாணவர் எண்ணிப் பார்க்கலாம். பிரம்பால் பின்னிய தக்ரா பந்தின் துளைகளையும் எண்ணிப் பார்க்கலாம். எச்.ஐ.வி.யில் அகன்ற பக்கத்தில் ஏழும் குறுகிய பக்கத்தில் ஐந்தும் அமைவதால் அக்கூடு பந்தாகாமல் கூம்பாகிறது.

இவ்வுட்கூட்டை நெடுங்காலம் எவரும் மருந்துக்கு உகந்த இலக்காகக் கருதவில்லை. நொதிக்கு வேலை செய்யும் பள்ளம் ஒன்று உண்டு. அதனை அடைத்தால் போதும். உட்கூட்டுக்கோ அவ்வாறான வேலை எதுவும் இல்லை, அது வெறும் பெட்டி என்றே எண்ணினர். உயிரணுவுக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே அப்பெட்டி கலைந்துவிடுகிறது என்றும் பாடநூல்கள் எழுதின. அதற்கு ஒரு வலுவான சான்றும் இருந்தது. நம் உயிரணுவின் கருவைச் சூழ்ந்த சவ்வில் உள்ள துளைகள் ஏறத்தாழ 40 நானோமீட்டர் அகலமுடையவை என அளந்திருந்தனர்; கூம்பின் அகன்ற பக்கமோ சுமார் 60 நானோமீட்டர். பெட்டி உள்ளே நுழைய இயலாதெனின் வெளியிலேயே உடைந்திருக்க வேண்டும் அல்லவா?

முடிவு தருக்கத்திற்குப் பொருந்தியது, அளவுதான் பொருந்தவில்லை. முன்பு அளந்தவை உயிரணுவிலிருந்து பிரித்தெடுத்த கருச்சவ்வின் துளைகள். 2021ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர், தொற்றிய வெள்ளணுக்களையே உறைநிலையில் மின்னணு நுண்ணோக்கியால் கண்டபோது, அத்துளைகள் 60 நானோமீட்டருக்கும் மேல் விரிந்திருந்தன. கூம்பு உடையாமல் அவற்றினூடே புகுந்துகொண்டிருந்தது. கருவுக்குள் சென்று, செருகப்படவேண்டிய இடத்திற்கு அருகில் வந்த பின்னரே உட்கூடு திறக்கிறது என அதே காலத்தில் வேறு குழுக்களும் காட்டின. ஆக, வெறும் பெட்டி எனக் கருதியது, நம் உயிரணுவின் காவலர் கண்ணில் படாமல் மரபுச்செய்தியை மறைத்துச் செல்லும் ஊர்தியாகவும், துளையில் நுழைவதற்கான அடையாளச் சீட்டாகவும், எதிர்ப்படியெடுப்பு நடக்கும் அறையாகவும் இருந்திருக்கிறது. அளவு ஒன்று திருந்தியமையால் பாடமே திருந்தியது. அறிவியல் ஆசிரியர்கள் இந்நிகழ்வை வகுப்பில் எடுத்துரைத்தல் நன்று.

லெனகாபாவிர் என்னும் மருந்து, அறுகோண வளையத்தில் அடுத்தடுத்த இரு புரதங்களுக்கு இடையேயுள்ள பிளவில் சென்று பொருந்துகிறது. அப்பிளவு வெறும் இடைவெளியன்று. உட்கூட்டைக் கருவுக்குள் அழைத்துச் செல்லும் நம் உயிரணுப் புரதங்கள் பற்றும் கைப்பிடி அது. மருந்து அங்கு அமர்ந்துவிட்டால் அப்புரதங்களுக்குப் பிடியில்லை. அதற்கும் மேலாக, மருந்து உட்கூட்டின் வளையங்களை விறைக்கச் செய்கிறது. வளைந்து கொடுக்கவேண்டிய கூடு வளையாமல் கீறல் விடுகிறது. அடுத்த தலைமுறை நச்சுயிரி உருவாகும்போதும், 1,500 புரதங்கள் ஒழுங்காகக் கூடவேண்டிய வேளையில் அவை தாறுமாறாகச் சேர்கின்றன. நொதித்தடை மருந்து வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு படியை மட்டும் தடுக்கிறது. இஃதோ தொடக்கத்திலும் முடிவிலும் தடுக்கிறது. ஒரே வகைப் புரதம் நூற்றுக்கணக்கான அண்டைப் புரதங்களோடு பொருந்தியாக வேண்டியிருத்தலின், அதில் நேரும் மாற்றம் எதுவும் நச்சுயிரிக்கே கேடாக முடிவதுண்டு. மருந்துக்கு அடங்காத வகைகள் தோன்றாமல் இல்லை. அவற்றுட் சில வலுவிழந்து மெதுவாகப் பெருகுகின்றன. ஆதலால், சிகிச்சைக்கு இம்மருந்தையும் தனித்துக் கொடுப்பதில்லை. துணை மருந்துகளோடே கொடுக்கின்றனர்.

இம்மருந்துக்கு ஒரு குறை இருந்தது: நீரில் எளிதில் கரையாது. மாத்திரை செய்வோருக்கு அது தலைவலி. ஆய்வாளர்களோ அக்குறையையே வசதியாக்கிக் கொண்டனர். தோலுக்கடியில் ஊசியால் செலுத்தினால் அது அங்கேயே தங்கி, மெல்ல மெல்லக் கசிந்து, ஆறு திங்கள் வரை இரத்தத்தில் போதிய அளவில் நிற்கிறது. 2022ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், பல மருந்துகளுக்கு அடங்காத நோயாளிகளுக்காக இது ஒப்புதல் பெற்றது.

சிகிச்சைக்கென வந்த மருந்து தடுப்பிலும் பெரும்பயன் தந்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையிலான பெண்களிடையே நிகழ்ந்த சோதனையின் முடிவு 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆண்டுக்கு இருமுறை லெனகாபாவிர் ஊசி பெற்ற 2,134 பேருள் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை. நாள்தோறும் பழைய தடுப்பு மாத்திரை பெற்ற 1,068 பேருள் 16 பேருக்குத் தொற்றியது. மாத்திரையின் குற்றமன்று அது; பெரும்பாலோர் அதனை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. கணவனோ மாமியாரோ காணாமல் மாத்திரைப் புட்டியை ஒளித்து வைக்கவேண்டிய நிலையில் உள்ள ஒரு பெண்ணுக்கு, ஆண்டில் இரண்டு நாள் மட்டும் மருத்துவமனைக்குச் சென்று வருவதன் பொருள் என்னவென்று விளக்கவேண்டுவதில்லை. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கா தடுப்புக்காக இதனை ஏற்றது. அடுத்த மாதமே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

தவறியவையும் காத்திருப்பவையும்

எல்லா இலக்குகளும் இவ்வாறு கைகூடுவதில்லை. பெவிரிமாட் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். நம் நாவல் மரம் சேர்ந்த பேரினத்தைச் சார்ந்த ஒரு தாவரத்தில் கண்ட சேர்மத்தின் வழியில் வந்தது அது. புரதவெட்டு நொதியை அது தொடுவதில்லை. அந்நொதி கடைசியாக வெட்டவேண்டிய இடத்தை மட்டும் மறைத்துவிடுகிறது. வெட்டு முழுமையடையாததால் கூம்பு உருவாகாமல், பிறந்த நச்சுயிரி முதிராமலேயே கிடக்கும். கருத்து அழகியது. ஆனால் மனிதச் சோதனையில் கணிசமானோருக்கு அது பயன்படவில்லை. மருந்தை ஒருமுறையும் கண்டிராத நச்சுயிரிகள் பலவற்றிலும், அம்மருந்து அமரும் இடம் இயல்பாகவே சற்று வேறுபட்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் ஒரு வகையை வென்றுவிட்டால் ஊரில் உலவும் எல்லா வகையையும் வென்றதாகாது.

பழைய இலக்கையே புதிய வழியில் தாக்கும் முயற்சியும் உண்டு. இஸ்லாட்ராவிர் என்பது எதிர்ப்படியெடுப்பு நொதிக்கான மருந்தே. ஆனால் மாலையை நிறுத்துவதோடு அமையாமல், கோத்த மணி நகராதபடி நொதியின் இயக்கத்தையே முடக்குகிறது. இம்மூலக்கூறு பிறந்த இடம் ஜப்பானின் யமாசா நிறுவனம்; அது பல நூற்றாண்டுகளாகச் சோயா கிச்சாப் காய்ச்சி வருவது. உணவுக்குச் சுவையூட்டும் நியூக்ளிக் அமிலக் கூறுகளை ஆராயப் புகுந்தவர்கள், அவ்வேதியியலின் வழியே மருந்துக்கு வந்து சேர்ந்தனர். 2021ஆம் ஆண்டின் இறுதியில், மருந்து பெற்றோரின் வெள்ளணு எண்ணிக்கை குறைவது கண்டு சோதனைகள் நிறுத்தப்பட்டன. பின்னர் அளவைக் குறைத்து மீண்டும் தொடங்கினர்.

இன்னும் மருந்தாகாத இலக்குகளுள் 'விஃப்' என்னும் சிறு புரதம் நம் கவனத்திற்குரியது. நம் வெள்ளணுக்களில் அப்போபெக் 3ஜி என்னும் காவற்புரதம் ஒன்று உள்ளது. நச்சுயிரி எழுதும் டி.என்.ஏ.வின் எழுத்துகளை மாற்றி, அச்செய்தியைப் பொருளற்றதாக்குவது அதன் தொழில். விஃப் அதனைப் பற்றி, உயிரணுவின் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடுகிறது. 2002ஆம் ஆண்டில் ஆன் ஷீஹி, மைக்கேல் மாலிம் முதலியோர் இதனைக் கண்டனர். விஃப்பை மட்டும் விலக்கிவிட்டால் நம் உடலே நச்சுயிரியை அழித்துவிடும் அன்றோ? இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தகைய மருந்து நோயாளிகளை வந்தடையவில்லை. இரு புரதங்கள் பரந்த பரப்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் சிறு மூலக்கூறு ஒன்றைச் செருகுவது, சுவரில் ஒட்டிய பல்லியின் அடியில் தாளைச் செருகுவது போன்றது.

உறங்கும் உயிரணுக்கள்

இதுவரை கூறிய மருந்துகள் எல்லாம் பெருகும் நச்சுயிரியைத் தடுப்பவை. தன் மரபுச்செய்தியை நம் குரோமோசோமில் செருகிவிட்டுச் சும்மா இருக்கும் நச்சுயிரியை இவற்றுள் எதுவும் தொடுவதில்லை. நினைவாற்றல் கொண்ட வெள்ளணுக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்குபவை. அவற்றுள் மிகச் சிலவற்றில், பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில், முழுமையான எச்.ஐ.வி. உறங்குகிறது என்பது 1997ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே அது விழித்தெழும்.

இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைய 44 மாதங்கள் ஆகின்றன என ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சிலிசியானோ குழுவினர் அளந்தனர். ஒருவர் உடலில் அவை பத்து இலட்சம் எனக் கொள்வோம். பாதி, பாதியில் பாதி எனக் குறைத்துக்கொண்டே சென்றால் ஒன்றை எட்ட இருபது முறை வேண்டும். இருபதை 44-ஆல் பெருக்க 880 மாதங்கள். அதாவது 73 ஆண்டுகள். ஒரு மாந்தனின் முழு வாழ்நாள் அது. மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டும் என மருத்துவர் கூறுவதன் பின்னுள்ள கணக்கு இதுவே.

உறங்குவதை எழுப்பி, எழுந்ததும் அழித்தல் ஒரு வழி. வோரினோஸ்டாட் என்னும் புற்றுநோய் மருந்து நச்சுயிரியை எழுப்பக் கூடியது என்பது 2012ஆம் ஆண்டில் நோயாளிகளிடமே காட்டப்பட்டது. எழுந்தது உண்மை, அழியவில்லை. மறைவிடத்தின் அளவு குறையாமல் அப்படியே இருந்தது. இதற்கு நேர்மாறானது, எழவே முடியாதபடி பூட்டிவிடுதல். நச்சுயிரியின் 'டாட்' என்னும் புரதம் தன் செய்தி படியெடுக்கப்படுவதை முடுக்கிவிடும் விசை. கடற்பஞ்சில் கண்ட சேர்மம் ஒன்றை அடியொற்றி ஆக்கிய மூலக்கூறு அவ்விசையை முடக்குகிறது. எலிகளில் அதனால் நச்சுயிரி மீண்டெழுதல் தாமதமாயிற்று. மூன்றாவது வழி, மரபுத்திருத்தக் கத்திரியைக் கொண்டு, செருகிய செய்தியை வெட்டியெடுத்தல். மாந்தரிடம் அம்முறையின் முதற்சோதனை முடிவுகள் 2024ஆம் ஆண்டில் வந்தன. பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை; ஆயினும் மருந்தை நிறுத்தியோரிடம் நச்சுயிரி திரும்பியது. கத்திரி எட்டாத உயிரணு ஒன்றே எஞ்சினும் அதுவே விதையாகிவிடும் என்பதால், இத்துறையில் தொண்ணூற்றொன்பது விழுக்காட்டு வெற்றியும் தோல்வியாகவே எண்ணப்படுகிறது.

விலை

இலக்கு கண்டறியப்பட்டால் மட்டும் போதாது. 1996ஆம் ஆண்டின் கூட்டு மருந்துக்கு ஆண்டொன்றுக்கு 10,000 அமெரிக்க வெள்ளிக்கு மேல் செலவாயிற்று. 2001ஆம் ஆண்டில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை 350 வெள்ளிக்குத் தர முன்வந்தது. 2003ஆம் ஆண்டில் மலேசிய அரசு, காப்புரிமைச் சட்டத்தில் அரசுப் பயன்பாட்டிற்குரிய பிரிவைக் கையாண்டு, அவ்விந்திய மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்கு இறக்குமதி செய்தது. ஆசியாவில் அத்துணிவை முதலில் காட்டிய நாடுகளுள் மலேசியாவும் ஒன்று என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

அவ்வினா இப்போது லெனகாபாவிரோடு திரும்பி வந்துள்ளது. அமெரிக்காவில் தடுப்புக்கான அதன் ஆண்டு விலை 28,218 வெள்ளி. உரிமம் பெற்ற இந்திய நிறுவனங்கள் ஆண்டுக்கு 40 வெள்ளிக்கு 2027ஆம் ஆண்டு முதல் தர ஒப்பியுள்ளன. மூலக்கூறு ஒன்றே, விலை எழுநூறு மடங்கு வேறுபடுகிறது. அவ்வுரிமம் 120 நாடுகளுக்கு உரியது. பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகியவை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அம்மருந்தின் இரண்டாம் தடுப்புச் சோதனை நிகழ்ந்த நாடுகளுள் அந்நான்கும் அடங்கும்.